பூனைக்கும் பாலுக்கும் என்ன உறவு?

பூனைக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருமே வைத்தியர்தான். "பாலில் தண்ணி கலந்து வை" என்பது முதல் வைத்தியம். அதற்கு நிற்கவில்லையா, "தயிர்ச்சோறு பிசைஞ்சு வை, குளிர்ச்சி" என்பது இரண்டாவது. அதற்கும் நிற்கவில்லையென்றால், "இதுக்கு வயிறே வீக்கு, சென்சிட்டிவ்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சித்தூரிலோ வேலூரிலோ கடை தேடிப்போய் விலை கூடிய பாக்கெட் ஒன்றை வாங்கி வருவது மூன்றாவது. குடிபாலாவின் ஓட்டுவீட்டிலிருந்து திருப்பதியின் அடுக்குமாடி வரை இந்த வரிசை மாறுவதே இல்லை.

இந்த மூன்றும் தவறு என்பதுதான் என் வாதம். வயிறு கெட்ட குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிறவியிலேயே மெலிந்த வயிறு என்று ஒன்றும் கிடையாது. முதல் வைத்தியம் வயிற்றைக் கெடுக்கிறது. இரண்டாவது, கெட்ட வயிற்றோடு குட்டியைப் பட்டினியும் போடுகிறது. மூன்றாவது, காரணத்தைத் தேட விடாமல் மூடி மறைக்கிறது. பழி மட்டும் பேசத் தெரியாத குட்டியின் மேல்.

பால் மாவட்டத்தின் பிடிவாதம்

இந்த நம்பிக்கை எங்கள் மண்ணில் இவ்வளவு ஆழமாக இறங்கியிருப்பதில் வியப்பில்லை. சித்தூர், கறவை மாட்டை நம்பி வாழும் மாவட்டம். மழை பொய்த்த ஆண்டுகளில் மாந்தோப்பும் வேர்க்கடலையும் கைவிட்டபோது வீட்டுச் செலவைத் தாங்கியது மாடுதான். இடுப்புயரம்கூட எட்டாத புங்கனூர்க் குட்டை மாடு இந்த மாவட்டத்தின் சொத்து. அதைக் காப்பாற்றப் பலமநேரில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அந்த மாட்டின் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் அதை மருந்தென்றே நினைப்பவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் விடிகாலையில் பால் கறக்கும் நேரத்துக்குச் சரியாக ஒரு குட்டி வந்து கத்தினால், கேனைச் சாய்த்து ஒரு மூடி பால் ஊற்றாமல் யாரால் இருக்க முடியும்?

மொழியும் இதற்குத் துணை நிற்கிறது. "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்" என்கிறோம். பாற்கடலை நக்கியே குடித்துவிட ஆசைப்பட்ட பூனையாகக் கம்பன் தன் அவையடக்கத்தில் தன்னைச் சொல்லிக்கொண்டான். கவிக்குத் தேவை பூனையின் ஆசை மட்டும்தான். குடித்தபின் அந்தப் பூனையின் வயிறு என்ன ஆயிற்று என்று பார்ப்பது அவன் வேலையில்லை. ஆந்திரத்திலும் தமிழகத்திலும் ஒரே உரிமையோடு சொல்லப்படும் தெனாலிராமன் கதையில், அரசர் தந்த பாலைக் குடித்த பூனைகளெல்லாம் கொழுத்தன. சுடுபாலில் வாயைச் சுட்டுக்கொண்டு, பிறகு பாலைக் கண்டாலே ஓடிய ராமனின் பூனை மட்டும் மெலிந்து நின்றது. கதைக்கு அது சரி. நிஜத்தில் நடப்பது நேர்மாறு. பாலிலேயே வளர்க்கப்படும் குட்டிதான் மெலிகிறது.

பால் உள்ளே போய் என்ன செய்கிறது?

தாய்ப்பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கப் பிறந்த குட்டியின் குடலில் லாக்டேஸ் என்ற நொதி சுரக்கிறது. நான்கு வாரத்தில் குட்டி கெட்டி உணவில் வாய்வைக்கத் தொடங்குகிறது. ஏழெட்டு வாரத்தில் தாய் பாலை மறக்கடித்துவிடுகிறது. அந்தச் சமயத்திலிருந்து லாக்டேஸும் குறைந்துகொண்டே போகிறது. நொதி குறைந்த குடலில் போய்ச் சேரும் லாக்டோஸ் செரிக்காமல் பெருங்குடல் வரை இறங்கி, தண்ணீரை இழுக்கிறது. அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. வயிறு உப்பி, கடமுட என்று சத்தம் போட்டு, கடைசியில் தண்ணீராகப் போகிறது. தென்னிந்தியரில் பலருக்கும் ஒரு டம்ளர் பால் குடித்தால் இதேதான் நடக்கிறது. நம் வயிற்றுக்கு ஏற்காததை நாம் நிறுத்திவிடுகிறோம். குட்டிக்கு மட்டும் இன்னொரு மூடி ஊற்றுகிறோம்.

எல்லாப் பூனைகளுக்கும் ஒரே அளவில் இது நடக்கும் என்று சொல்லமாட்டேன். வளர்ந்த பூனை சில, ஒரு கரண்டிப் பாலை ஒன்றும் ஆகாமல் தாங்கிக்கொள்ளும். ஆனால் பேச்சு, ஏற்கெனவே வயிறு கெட்டுக் கிடக்கும் குட்டியைப் பற்றியது. அதற்கு ஒரு கரண்டியும் வேண்டாம்.

தண்ணீர் கலந்தால் சரியாகிவிடும் என்பது கணக்கே அறியாத பேச்சு. தண்ணீர் கலப்பதால் பாலிலுள்ள லாக்டோஸ் எங்கும் ஓடிப்போவதில்லை. இருந்த கொஞ்சம் சத்தும் நீர்த்துப்போய், பசியாறாத குட்டி இன்னும் அதிகமாகக் குடிக்கும், அவ்வளவுதான். ஆட்டுப்பால் நல்லது என்பார்கள். ஆட்டுப்பாலிலும் லாக்டோஸ் ஏறத்தாழ மாட்டுப்பால் அளவே. புங்கனூர்ப் பாலின் கொழுப்பும் இங்கே உதவாது, ஏனெனில் சிக்கல் கொழுப்பால் வருவதில்லை. லாக்டோஸ் நீக்கிய பாலென்றால் கழிச்சல் வராமலிருக்கலாம், ஆனால் அதுவும் குட்டிக்கு முழு உணவாகாது.

ஏன் ஆகாது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். பத்து வாரக் குட்டி, ஒரு கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். வளரும் வயதில் அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். பசும்பால் 100 மில்லியில் சுமார் 65 கலோரி. ஆக, பாலை மட்டும் நம்பினால் அது நாளுக்கு 300 மில்லி குடித்தாக வேண்டும். அறுபது கிலோ எடையுள்ள ஆள் ஒருவர் தினம் பதினெட்டு லிட்டர் பால் குடிப்பதற்குச் சமம் இது. அந்த 300 மில்லியோடு 14 கிராம் லாக்டோஸும் சேர்ந்தே உள்ளே போகும். இவ்வளவையும் குடித்தாலும் புரதம் போதாது. பசும்பாலில் புரதம் நூற்றுக்கு மூன்றேகால் அளவு. தாய்ப்பூனையின் பாலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கன்றுக்காகச் சுரந்த பால் கன்றுக்கே பொருத்தம்.

"அப்படியென்றால் ஏன் இத்தனை ஆசையாகக் குடிக்கிறது?" என்று கேட்பார்கள். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதன் நாவில் இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணு செயலிழந்து கிடக்கிறது என்பதை 2005இல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தார் காட்டினார்கள். பூனையை இழுப்பது பாலிலுள்ள கொழுப்பும் புரதமும். ஆசைப்படுகிறது என்பதற்காக அது உடலுக்கு ஆகும் என்று முடிவுகட்டினால், நம் வீட்டுப் பிள்ளைகள் மூன்று வேளையும் சிப்ஸ் தின்னலாம்.

பாட்டி வீட்டுப் பூனை

அடுத்த வாதம் எல்லோருக்கும் மனப்பாடம். "எங்க பாட்டி வீட்டுப் பூனை பால்சோறு தின்னே பதினைஞ்சு வருஷம் இருந்துச்சு."

பாட்டி வீட்டுப் பூனை பால்சோற்றில் வாழவில்லை. அது குதிரிலும் வைக்கோல் போரிலும் வாழ்ந்தது. இரவெல்லாம் எலி பிடித்தது, பகலில் ஓணானும் குருவியும் பிடித்தது. ஒரு சுண்டெலியில் இறைச்சி, எலும்பு, ஈரல், இதயம், மூளை, தண்ணீர் எல்லாம் பூனைக்கு வேண்டிய அளவில் இருக்கின்றன. அப்படி எட்டுப் பத்தைத் தின்றுவிட்டு வந்து, பாட்டி வைத்த பால்சோற்றை அது மரியாதைக்கு நக்கியது. பாட்டி கண்டது அந்த மரியாதையை மட்டும்தான்.

பூனை மனிதனிடம் ஒட்டிக்கொண்டதே எலிக்காக. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதனோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனையின் எலும்பைப் பற்றி 2004இல் தொல்லியலாளர்கள் அறிவித்தார்கள். வயது ஏறத்தாழ 9,500 ஆண்டு. தானியம் சேமித்த உழவனின் களஞ்சியத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. இடையில் பால் எங்குமே இல்லை.

இன்னொன்றையும் பாட்டியின் கணக்கில் சேர்க்க வேண்டும். பதினைந்து வருடம் வாழ்ந்த ஒரு பூனையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதோடு பிறந்து, இரண்டு மாதத்துக்குள் கழிச்சலில் செத்து, மாட்டுக்கொட்டகைப் பின்னால் புதைக்கப்பட்ட குட்டிகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. இன்றைக்கு நாம் வளர்க்கும் குட்டியோ கதவடைத்த வீட்டுக்குள் இருக்கிறது. அதற்கு எலி இல்லை. தட்டில் நாம் வைப்பதுதான் அதன் உலகம்.

குளிர்ச்சி என்னும் சமாதானம்

தயிர்ச்சோற்றுக்கு வருவோம். தயிரில் லாக்டோஸ் பாலைவிடக் கொஞ்சம் குறைவு என்பது உண்மை. ஒரு கரண்டித் தயிரால் எந்தக் குட்டியும் சாகாது. ஆனால் அதைச் சோற்றில் பிசைந்து உணவென்று வைக்கும்போது நடப்பது வேறு. சோறும் தயிரும் சரிபாதியாகக் கலந்து, தண்ணீரை நீக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தால், புரதம் நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டாது. வளரும் பூனைக்குட்டியின் உணவில், ஈரம் நீக்கிய எடையில், குறைந்தது 30 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் வகுத்திருக்கும் அளவு. அதில் பாதிகூட வராத ஒன்றைக் குளிர்ச்சி என்ற பேரில் வைக்கிறோம்.

புரதத்தின் அளவோடும் இது முடிவதில்லை. பூனை இறைச்சி தின்றே தீர வேண்டிய பிராணி. நாய் சமாளிக்கும் இடத்தில் பூனை சமாளிக்காது. கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினை வைட்டமின் 'ஏ'யாக மாற்ற அதன் உடலுக்குத் தெரியாது. அதை ஈரல் போன்றவற்றிலிருந்து நேராகப் பெற வேண்டும். டாரின் என்ற அமினோ அமிலத்தையும் தன் தேவைக்குத் தயாரித்துக்கொள்ள அதனால் ஆகாது. டாரின் இல்லாத தீனி தின்ற பூனைகளின் விழித்திரை சிதைந்து பார்வை போவதை 1975இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். டாரின் குறைந்தால் இதயம் பலூன்போல் விரிந்து தளர்ந்துவிடுவதையும், டாரின் கொடுத்தால் அது மீள்வதையும் 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் பால் பியானும் உடனிருந்தோரும் கண்டுபிடித்தார்கள். அப்போது நிறுவனங்களே தங்கள் தீனியில் டாரினைக் கூட்ட வேண்டியதாயிற்று. சோற்றில் டாரின் இல்லை. பசும்பாலிலும் தயிரிலும் பெயருக்குத்தான் உண்டு. தயிர்ச்சோற்றுப் பூனை ஒன்று பார்வை மங்கிக் கிணற்றில் விழுந்தால், "வயசாயிடுச்சு" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

பானை வயிறு

தாயை விட்டுப் பிரிந்த குட்டி ஒன்று ஊர்ப்பக்கம் எப்படி வளர்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் பால். அதில் ஊறிப் பொதும்பிய பாதி பிஸ்கட். விளிம்பில் எறும்பு. ஆறு வாரக் குட்டி நான்கு நக்கு நக்கிவிட்டு உட்காருகிறது. முதுகைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. வாலடியில் மயிர் காய்ந்து ஒட்டியிருக்கிறது. வயிறு மட்டும் உருண்டு திரண்டு நிற்கிறது. வீட்டுக்கார அம்மா அந்த வயிற்றைக் காட்டி, "நல்லாத்தான் குடிக்குது, பாருங்க வயிறு எப்படி நெறைஞ்சிருக்கு" என்கிறார்.

அந்த வயிற்றை நிறைத்திருப்பது பால் இல்லை, புழு. எலும்பு தெரியும் உடம்பில் பானை வயிறு என்றால் முதல் சந்தேகம் உருண்டைப் புழுவின் மேல்தான் வர வேண்டும். பூனையின் உருண்டைப் புழு தாய்ப்பாலின் வழியாகவே குட்டிக்குப் போய்விடுகிறது. தெருப்பூனை ஈன்ற குட்டியென்றால் புழு இருக்கிறதா என்று கேட்கவே வேண்டாம், இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் மூன்றாவது வாரத்திலேயே பூச்சி மருந்தைத் தொடங்கி, பால் மறக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். எடை பார்த்து அவர்கள் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைக் குத்துமதிப்பாக ஊற்றுவது கூடாது. இந்தப் புழு மனிதக் குழந்தைகளுக்கும் தொற்றக்கூடியது என்பதால், குட்டியோடு விளையாடிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கமும் வேண்டும்.

புழுவைத் தவிர, நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் காக்சிடியா, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளும் குட்டிகளில் கழிச்சலை உண்டாக்கும். இவை இருக்கும்போது எந்தக் கடையின் எந்தப் பாக்கெட்டைப் போட்டாலும் கழிச்சல் நிற்காது. ஒரு சிட்டிகை மலத்தைப் பரிசோதிக்காமல் "சென்சிட்டிவ்" என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமையில்லை.

மீனும் கறியும்

பாலை விட்டுவிடச் சொன்னால் சிலர் மறுமுனைக்கு ஓடுகிறார்கள். பூனையென்றால் மீன், அதுதான் அதற்கு லேசான தீனி என்று. உண்மை அதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. உணவு ஒவ்வாமையுள்ள 78 பூனைகளைப் பற்றி வெளியான அறிக்கைகளைத் தொகுத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் அதிகம் தொல்லை கொடுத்தவை மாட்டிறைச்சியும் மீனும், முறையே 18, 17 விழுக்காடு. கோழி 5 விழுக்காடுதான். கோதுமையும் சோளமும் பட்டியலில் அதற்கும் கீழே. தானியம் நீக்கிய தீனி என்று கூடுதல் விலைக்கு விற்பவர்களின் வாதமும் இதோடு அடிபடுகிறது.

பச்சை மீன் சிலவற்றில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. தினமும் அதையே போட்டால் பூனைக்கு நரம்புத் தளர்ச்சி வரும். சென்னையிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் சந்தைக்கு வரும் கருவாட்டில் இருக்கும் உப்பு, குட்டியின் சிறுநீரகத்துக்கு வேண்டாத சுமை. குழம்பில் கிடந்த மீனையும் கோழியையும் கழுவிப் போடுவதும் ஆபத்துதான். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. கழுவினால் அந்தச் சாறு போய்விடாது.

இறைச்சி மட்டும் போட்டால் போதாதா என்றால், நீண்ட நாளைக்குப் போதாது. வெறும் சதையில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. எலும்பில்லாத கறியை மட்டுமே தின்று வளரும் குட்டி, தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துச் செலவழிக்கும். சில வாரங்களில் மேசையிலிருந்து குதித்தாலே கால் ஒடியும். எலி தின்ற பூனைக்கு இந்தக் கேடு வராததற்குக் காரணம் அது எலும்பையும் சேர்த்துத் தின்றது.

பச்சைக்கறிதான் இயற்கை என்று நகரத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் வாதத்துக்கும் ஒரு வார்த்தை. 2025 தொடக்கத்தில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் பரவிக் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதே சமயத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமே எச்5என்1 வைரஸ் கண்டறியப்பட்டது. கோழிக்கடைக் கழிவைப் பச்சையாகக் குட்டிக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வேகவைப்பதற்கு ஆகும் செலவு பத்து நிமிட அடுப்பு.

பாக்கெட்டின் பின்பக்கம்

இனி மூன்றாவது வைத்தியம். கடைக்காரரிடம் "குட்டிக்கு வயிறு சரியில்லை" என்றதும் அவர் கை நேராக விலை உயர்ந்த அலமாரிக்குப் போகும். முன்பக்கத்தில் பெரிதாக "சென்சிட்டிவ்" என்று போட்ட பையை எடுத்து வைப்பார். அந்தச் சொல் விற்பனைச் சொல். இன்னின்னது இருந்தால்தான் அப்படி எழுதலாம் என்ற ஊட்டச்சத்து வரையறை அதற்குக் கிடையாது. பல பைகள் வளர்ந்த பூனைக்கானவை. வளர்ந்த பூனைக்கு 26 விழுக்காடு புரதம் போதும். குட்டிக்கு அது பற்றாது.

பையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முதலில் குட்டிகளுக்கானது, அல்லது வளரும் பருவத்துக்கானது என்று இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அது முழுமையான சரிவிகித உணவா, வெறும் நொறுக்குத்தீனியா என்று பாருங்கள். குச்சிப் பாக்கெட்டில் வரும் கூழ்கள் பெரும்பாலும் நொறுக்குத்தீனிதான். குட்டி அதை விரும்பித் தின்னும், அதில் வளராது. மூன்றாவதாக, புரதத்தையும் ஈரத்தையும் சேர்த்துப் படியுங்கள். உலர்தீனிப் பையில் புரதம் 32 விழுக்காடு என்றும் ஈரத்தீனிப் பவுச்சில் 10 விழுக்காடு என்றும் போட்டிருந்தால், பவுச் ஏமாற்று என்று தோன்றும். பவுச்சில் 80 விழுக்காடு தண்ணீர். தண்ணீரைக் கழித்தால் மிஞ்சும் 20 பங்கில் 10 பங்கு புரதம், அதாவது சரிபாதி. உலர்தீனியில் அதே கணக்கு 35க்குப் பக்கத்தில் நிற்கும். கழிச்சலில் தண்ணீர் இழந்த குட்டிக்குப் பவுச் உதவும்தான். ஆனால் சித்தூர் வெயிலில் தட்டில் ஊற்றிய பவுச் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் அதுவே அடுத்த கழிச்சலுக்கு வித்து.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு, தீனியை அடிக்கடி மாற்றுவது. திங்கட்கிழமை ஒரு பிராண்டு, போகவில்லையென்று புதன்கிழமை இன்னொன்று, வெள்ளிக்கிழமை ஆன்லைனில் மூன்றாவது. எந்த மாற்றத்தையும் ஏழு முதல் பத்து நாள் பழைய தீனியில் புதியதைக் கால், அரை, முக்கால் என்று கலந்து செய்ய வேண்டும். திடீர் மாற்றமே நல்ல வயிற்றையும் கெடுக்கப் போதுமானது. அப்படிக் கெட்டதைக் காட்டி, "பார்த்தீங்களா, எதுவுமே ஒத்துக்கல, சென்சிட்டிவ்தான்" என்பது தானே வைத்த தீயைத் தானே அணைக்க ஓடும் வேலை.

உண்மையிலேயே குடல் நோயுள்ள, ஒவ்வாமையுள்ள குட்டிகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவற்றுக்குத் தனித்தீனி வேண்டும். அதைச் சோதனைகளுக்குப் பிறகு மருத்துவர் எழுதித் தருவார்; கடை அலமாரி எழுதித் தரக்கூடாது.

சைவ வீடும் சம்பளமும்

இரண்டு எதிர்வாதங்கள் நியாயமானவை, அவற்றுக்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது. திருப்பதிப் பக்கம் சைவ வீடுகள் ஏராளம். அடுப்பில் கறி ஏறாத வீட்டில் பூனைக்கு என்ன செய்வது? சமைக்க வேண்டாம். குட்டிகளுக்கான உலர்தீனி ஒன்றை வாங்கித் தனித்தட்டில் வைத்தால் போதும், சமையலறைக்குள்ளேயே அது வர வேண்டியதில்லை. அதுவும் முடியாதென்றால், பூனையை வளர்க்காமல் இருப்பதே அந்தப் பிராணிக்குச் செய்யும் நேர்மை. நம் விரதத்தை அதன் குடலின்மேல் சுமத்துவது தருமமாகாது.

அடுத்தது காசு. ஒரு கிலோ எடையுள்ள குட்டிக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் உலர்தீனி போதும். நடுத்தர விலைப் பையில் அதற்கு ஆகும் செலவும், அதே கலோரிக்கு வேண்டிய 300 மில்லி பாலின் விலையும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. அதையும் வாங்க முடியாதவர்கள் கோழிக்கடையில் கேட்டுப் பார்க்கலாம். கோழி இதயத்தில் டாரின் நிறைய. அதையும் கொஞ்சம் சதையையும் உப்பு, காரம், வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்து, எலும்பை நீக்கிப் பிய்த்து, அந்தத் தண்ணீரோடு கொடுக்கலாம். அவித்த முட்டை சேர்க்கலாம். ஈரல் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை சிறு துண்டு போதும். தினமும் போட்டால் வைட்டமின் 'ஏ' மிஞ்சி எலும்பைக் கெடுக்கும். இதையே நிரந்தரமாக்காமல், குட்டிகளுக்கான உலர்தீனியில் ஒரு பங்கேனும் சேர்த்துக் கொடுத்தால் கால்சியக் குறையும் ஓரளவு ஈடாகும்.

அப்படியென்றால் என்ன செய்வது?

வயிறு கெட்ட குட்டிக்கு முதல் வேலை, பால், தயிர், பிஸ்கட், குழம்பு மிச்சம் எல்லாவற்றையும் நிறுத்துவது. குடிக்கச் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். இரண்டாவது, மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போவது. எங்கள் மண்டலங்களில் அந்த மருத்துவமனை என்றாலே மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்று நினைத்துக் குட்டியை யாரும் கொண்டுபோவதில்லை. அங்கே இருப்பவர் பூனையைப் பற்றியும் படித்துத்தான் பட்டம் வாங்கியிருக்கிறார். மேல்சிகிச்சை வேண்டுமென்றால், 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி திருப்பதியில் இருக்கிறது. 2005லிருந்து அது ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது.

மூன்றாவது, ஒரே ஒரு தீனியைத் தேர்ந்து அதிலேயே நிற்பது. நாளுக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. குட்டியின் இரைப்பை சிறியது, ஒரே வேளையில் நிறையத் தின்றாலே கழியும். பேதி நிற்கட்டும் என்று பெரிய நாயைப் போல் ஒருநாள் முழுக்கப் பட்டினி போடக்கூடாது. குட்டிக்குச் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். மனிதர் விழுங்கும் பேதி மாத்திரையோ காய்ச்சல் மாத்திரையோ வேண்டவே வேண்டாம். பாராசிட்டமால் ஒரு மாத்திரை வளர்ந்த பூனையையே கொன்றுவிடும்.

கண் திறந்து சில நாளே ஆன, தாயில்லாத குட்டியென்றால் கதை வேறு. அதற்குப் பால்தான் வேண்டும். அதுவும் பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்து, வெதுவெதுப்பாக, குப்புறப் படுக்கவைத்துப் புகட்ட வேண்டும். மல்லாத்திப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, அரைநாளாகத் தின்னாமை, உடம்பு சில்லிட்டுச் சுருண்டு கிடத்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் தீனியைப் பற்றிப் பேச நேரமில்லை. பூனைப் பார்வோ என்று சொல்லப்படும் பேன்லூக்கோபீனியாவாக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகளை அது இரண்டொரு நாளில் கொண்டுபோய்விடும். ஆறெட்டு வாரத்தில் முதல் ஊசியைப் போட்டுவிட்டால் இந்தப் பயமே பாதி குறையும்.

ஆக, "குட்டிக்கு வயிறு சென்சிட்டிவ்" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். பால் கொடுக்கிறீர்களா? பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா? இந்த மாதத்தில் எத்தனை தடவை தீனியை மாற்றினீர்கள்? இந்த மூன்றுக்கும் சரியான பதில் இருந்தும் கழிச்சல் நிற்கவில்லையென்றால் மட்டும் அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்வோம். அதுவரை வயிற்றைக் குற்றம் சொல்வதை விட்டுவிட்டு, நாளை காலை அந்த மூடியில் பால் ஊற்றுவதை நிறுத்துங்கள்.